கட்டிலருகே இருப்பவரின் மனம்

சத்சங்கம் முடிந்து அனைவரும் பிரசாதம் பெற்றுக் கலைந்த பின்னர், தயங்கித் தயங்கி அருகில் வந்து கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. "விபத்தில் அவர் பிழைத்தது இறைவன் அருள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் நான் அறிந்த மனிதர் அல்லர். சில வேளைகளில் அவர்மீது வெறுப்புக்கூட வருகிறது. இது பாவம் அல்லவா?" தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பேணுகின்ற மனைவியோ, தாயோ, மகனோ கேட்கும் கேள்வி இது. சொற்கள் மாறலாம், உள்ளே இருக்கும் அச்சம் ஒன்றுதான்.

இந்த அச்சத்தைச் சுமப்பவர்கள் நம் நாட்டில் ஒரு சிலர் அல்லர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். கட்டடப் பணியின்போதும் மொட்டை மாடியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. பக்கவாதத்தாலும் மூளைக்காய்ச்சலாலும் மூளை பாதிக்கப்பட்டவர்கள் தனி. இறந்தோரின் எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. பிழைத்து, மாறிப்போய், வீடு திரும்பியவரின் கட்டிலருகே அமர்ந்திருப்பவரை எவரும் எண்ணுவதில்லை. இக்கட்டுரை அவருடைய மனத்தைப் பற்றியது. அவரிடம் பேசுவதைப் போலவே அவரைச் சூழ்ந்திருக்கும் நம்மிடமும் பேச வேண்டியிருக்கிறது. நம்மிடம் சற்றுக் கடுமையாகவே.

மாறியது எது?

நெற்றிக்குப் பின்னால் அமைந்துள்ள மூளையின் முன்பகுதி, நாம் பண்பு என்று போற்றும் பலவற்றுக்கும் இருப்பிடமாக உள்ளது. சினத்தை அடக்குதல், சொல்லும் முன் எண்ணிப் பார்த்தல், பிறர் முகக்குறிப்பை அறிதல், ஒரு வேலையைத் தானே தொடங்கி முடித்தல் ஆகிய ஆற்றல்களுக்கு அப்பகுதியே பெரிதும் ஆதாரம். வேகமாக வரும் தலை திடீரென நிற்கும்போது, மண்டையோட்டுக்குள் மூளை முன்னும் பின்னும் மோதுகிறது. நுண்ணிய நரம்பு இழைகள் பல இடங்களில் அறுபடுகின்றன. வெளியே தழும்பு ஆறிவிடும். கை கால்கள் கூட நன்றாக இயங்கலாம். ஆயினும் சாந்தமே உருவான ஒருவர் சிறிய ஓசைக்கும் சீறுபவராகலாம். ஓயாது உழைத்தவர் நாள் முழுதும் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கலாம். இவற்றோடு மறதியும் மிகுந்த களைப்பும் சேர்ந்துகொள்கின்றன.

இவற்றுள் மிகக் கொடியது வேறொன்று. தாம் மாறிவிட்டதைப் பலர் தாமே அறிவதில்லை. பிடிவாதத்தால் மறுக்கிறார் என்று வீட்டார் நினைக்கின்றனர். தன்னைத் தானே கண்காணிக்கும் ஆற்றலே காயமுற்றிருப்பதால் அவருக்கு அது தெரிவதில்லை. "சொன்னால் கேட்கக்கூடாதா?" என்று அவரோடு நாள்தோறும் வாதிடுபவர், கண்ணில்லாதவரிடம் "சற்றுப் பாருங்களேன்" என்று கெஞ்சுபவரைப் போல் களைத்துப் போகிறார். வாதத்தை விடுத்து, ஒரே நேரத்தில் ஒரே செயல், எழுதி ஒட்டிய நாள்முறை, குறைந்த ஓசை, அடிக்கடி ஓய்வு என்று சூழலை மாற்றினால் பாதிச் சண்டைகள் எழுவதே இல்லை. இதை மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே குடும்பத்தாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் மாத்திரைச் சீட்டு மட்டுமே தரப்படுகிறது.

உடற்குறையைவிட இக்குணமாற்றமே குடும்பத்தாரை அதிகம் வாட்டுகிறது என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. 1974-இல் டென்மார்க்கில் தாம்சன் என்பவர் வெளியிட்ட ஆய்வும், 1980-களில் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் புரூக்ஸும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வுகளும் இதையே காட்டின. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் அதே குடும்பங்களை ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் சந்தித்தார்கள். பேணுபவரின் மனச்சுமை முதல் ஆண்டில் இருந்ததைவிட ஐந்தாம் ஆண்டில் கூடியிருந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. முதல் ஆண்டில் உறவினர் வருகிறார்கள், பழங்கள் வருகின்றன, கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதால் நம்பிக்கையும் இருக்கிறது. அதன்பின் முன்னேற்றம் மெதுவாகிறது, வருகையாளர் குறைகின்றனர், சேமிப்பு கரைகிறது. ஐந்தாம் ஆண்டில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுபவர் எவர்?

சடங்கில்லாத துக்கம்

பேணுபவரின் உள்ளத்தில் கிடப்பது பெரும்பாலும் துக்கமே. ஆனால் அதைத் துக்கம் என்று அவரே அழைக்கத் துணிவதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரே! அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது அவருக்கு இக்கருத்து தோன்றியது. உடல் கிடைக்காமையால் அந்த மனைவியரால் அழுது முடிக்கவும் இயலவில்லை, காத்திருப்பதை விடவும் இயலவில்லை. பின்னர் அவர் இன்னொரு வகையையும் கண்டார். உடல் எதிரே இருக்கிறது. பழகிய மனிதர் இல்லை. மறதி நோயிலும் மூளைக்காயத்திலும் நேர்வது இது.

நம் மரபு மரணத்துக்கு எவ்வளவு கருணையோடு வழிவகுத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அழுவதற்கு நாள் உண்டு. சமைக்க வேண்டாத நாள் உண்டு. அண்டை வீட்டார் உணவு கொணரும் வழக்கம் உண்டு. பதின்மூன்றாம் நாள் துக்கம் ஒரு வரம்புக்குள் வருகிறது. நாட்டின் எப்பகுதிக்குச் சென்றாலும் ஏதோ ஒரு வடிவில் இவ்வழக்கத்தைக் காணலாம். இங்கோ இழந்தது கணவரின் பேச்சுத் துணையை, மகனின் எதிர்காலத்தை, தந்தையின் ஆசியை. இதற்கு எந்தச் சடங்கும் இல்லை. எவரும் உணவு கொணர்வதில்லை. "பிழைத்தாரே, அதற்கு நன்றி சொல்" என்ற அறிவுரை மட்டும் தவறாமல் வருகிறது. நன்றியும் துக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். நிலைகுலைந்து கண்ணீர் விடும் ஒருவனின் துயரத்துக்கு யோகம் என்ற பெயரைக் கொடுக்க நம் முன்னோர் தயங்கவில்லை. அந்த அத்தியாயத்தில் பகவான் பேசுவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நண்பன் உள்ளத்தில் உள்ள அனைத்தையும் கொட்டும்வரை தேர்த்தட்டில் அமர்ந்து கேட்கிறார். உபதேசம் அதன் பின்னர்தான் வருகிறது. நாமோ கட்டிலருகே இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

பூர்வஜன்ம கர்மம் என்ற சொல்லையும் இங்கேயே எடுத்துக்கொள்வோம். கர்மக் கொள்கை, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்று இனி நற்செயல் புரிவதற்கான ஊக்கம். பிறர் வீட்டுத் துன்பத்தை அளப்பதற்குத் தரப்பட்ட கோல் அன்று அது. இருபத்திரண்டு வயது மகனுக்குக் குழாய் வழியே உணவூட்டும் தாயின் எதிரில் அமர்ந்துகொண்டு அச்சொல்லை உச்சரிப்பவர், தத்துவம் பேசுவதாக நினைக்கலாம். அந்தத் தாயின் காதில் அது தீர்ப்பாகவே விழுகிறது.

வரக்கூடாது என்று அஞ்சப்படும் எண்ணம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வெறுப்பு வருகிறது என்கிறார். இன்னும் சிலர், குரலைத் தாழ்த்தி, "இவர் அன்றே போயிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றிவிடுகிறது" என்பர். சொல்லிவிட்டு அழுவர். பல ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எண்ணம் அது.

மனத்தில் எழும் அலைகளை வேதாந்தம் 'விருத்தி' என்கிறது. அவை எழுவதும் மறைவதும் மனத்தின் இயல்பு. உறக்கமின்றி மூன்றாண்டுகள் கழித்த மனத்தில் விடுதலை வேண்டும் என்ற அலை எழுவது வியப்பன்று. அந்த எண்ணம் பெரும்பாலும் 'இந்தத் துன்பம் முடியட்டும்' என்ற வேண்டுதலே. அந்த மனிதர் அழியட்டும் என்ற விருப்பம் அன்று. அவ்வெண்ணம் தோன்றிய மறுகணமே எழுந்து சென்று அவருடைய வாயைத் துடைத்து, ஒருபுறமாகத் திருப்பிப் படுக்கவைத்த கைகளே அதற்குச் சான்று. எண்ணத்தைக் கண்டு அஞ்சி அதை அமுக்குபவர் அதோடு பிணைக்கப்படுகிறார். வந்தது, இருந்தது, போயிற்று என்று சாட்சியாக நோக்குபவருக்கு அதன் பிடி தளர்கிறது. நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது இன்னும் நல்லது.

அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வாழ்க்கையைப் படித்தவர்கள் அவருடைய இளைய தம்பியின் மனைவி சுரபாலாவை அறிவார்கள். 1899-இல் கணவனை இழந்தபின் சித்தம் கலங்கிய அப்பெண்மணியின் வசைகளையும் சந்தேகங்களையும் அன்னை பல்லாண்டுகள் ஒரே வீட்டில் இருந்து தாங்கினார். அவருடைய பொறுமையை நாம் போற்றுகிறோம். ஆயினும் ஒருமுறை அன்னையின் வாயிலிருந்தும் கடுஞ்சொல் வெளிப்பட்டதையும், உடனே அதற்காக அவர் வருந்தியதையும் வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. அதை எழுதி வைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அது இல்லாவிடில், அந்த வரலாறு பேணுபவர்களுக்கு எட்டாத சிகரமாகவே இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எண்ணம் வேறு, அடி வேறு. மூளைக்காயமுற்றவர் கை நீட்டும்போது, அதைத் தாங்கிக்கொள்வதே பதிவிரதை தர்மம் என்று எவரேனும் கூறினால் செவிசாய்க்க வேண்டாம். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது உண்மைதான். அடியின் வலியும் உண்மைதான். அந்த நேரத்தில் வாதிடாமல் அறையை விட்டு வெளியேறுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். மறுநாளே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அச்சினத்தைத் தணிக்க மருத்துவமும் பயிற்சியும் உண்டு. அவ்வாறே, தம் கை நோயாளிமேல் ஓங்குவதை உணரும் பேணுநரும், அது உதவிக்கு ஆள் அழைக்க வேண்டிய வேளை என்று அறிந்துகொள்ள வேண்டும்.

உடலை வருத்துவது தவமாகுமா?

"எனக்கு ஓய்வெதற்கு? இதுவே என் சாதனை" என்று சொல்லும் பேணுநர்கள் பலர். சேவையே பூஜை என்பது உயர்ந்த உண்மை. அதைச் செய்பவர் தாமே உணர்ந்து சொல்லும்போது அது அவருக்குப் பலம் தருகிறது. செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைச் சொல்லும்போது, செய்பவரின் வாயை அடைக்கும் பூட்டாகிவிடுகிறது. 'பூஜை செய்பவள் களைப்பைச் சொல்லலாமா' என்று அவர் மௌனமாகிறார்.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூவகையாகப் பிரிக்கிறது. மூடப் பிடிவாதத்தால் தன்னைத் தானே வதைத்துச் செய்யும் தவத்தைத் தாமஸம் என்று ஒதுக்குகிறது. ஆறாம் அத்தியாயம், உண்ணாதவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் இல்லை என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறது. தியானத்தில் அமரும் யோகிக்கே உணவிலும் உறக்கத்திலும் அளவு வேண்டுமென்றால், இரவில் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவருக்கு அது வேண்டாமா?

1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. உடல்நலம் குன்றிய வாழ்க்கைத் துணையைப் பேணிய முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பேணும் பணியால் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்களிடையே இறக்கும் அபாயம், அத்தகைய பணி இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பேணிய போதிலும் அழுத்தத்துக்கு உள்ளாகாதவர்களிடம் இக்கூடுதல் உறுதியாகக் காணப்படவில்லை. ஆகவே அஞ்ச வேண்டியது பணிவிடையைக் கண்டு அன்று. உதவியும் உறக்கமும் இன்றி அது தொடர்வதைக் கண்டே.

இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருத்தல், முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டமின்மை, வாய்ப்புக் கிடைத்தும் உறக்கம் வராமை, 'நான் எதற்கும் பயனில்லை' என்ற நினைப்பு ஆகியவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். பக்தி குறைந்ததன் அடையாளம் என்று இவற்றை எவரும் கருத வேண்டாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதுபோல் இதற்கும் செல்ல வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கட்டணமின்றிப் பேசலாம். பேணுநரும் தம் பொருட்டு இதை அழைக்கலாம். நோயாளிக்கு மட்டும் உரியதன்று.

ஜபம் தவறுகிறதே என்று வருந்துபவர்களுக்கு ஒரு சொல். நூற்றெட்டுக்கு நேரமில்லையெனில் பதினொன்று போதும். அதுவும் இயலாத நாளில், அவர் உறங்கும்போது நீங்களும் உறங்குங்கள்.

பல கைகள்

1973 நவம்பர் 27 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக் கொடிய தாக்குதலுக்கு உள்ளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்குப் பிராணவாயு செல்வது தடைப்பட்டு, அவர் மீளாத நிலையில் ஆழ்ந்தார். 2015 மே 18-இல் உயிர் பிரியும்வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாக, அம்மருத்துவமனைச் செவிலியரே அவரைத் தம் குடும்பத்தாராகப் பேணினர். தொடக்கத்தில் பேணியவர்கள் ஓய்வு பெற்றனர். அருணாவை நலமாக இருந்தபோது பார்த்தேயிராத இளம் செவிலியர் அப்பணியை ஏற்றனர். அவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்த பணிவிடையின் சிறப்பு 2011-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது.

இந்த வரலாற்றை நாம் அன்பின் வெற்றியாகச் சொல்லி நெகிழ்கிறோம். அது அன்புதான். ஆனால் அந்த அன்பு முறைவைத்துப் பணியாற்றியது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஒருவர் பணி முடிந்து வீட்டுக்குச் சென்று உறங்கினார், இன்னொருவர் வந்தார். பயிற்சி பெற்ற பல கைகள் சேர்ந்து செய்த பணியை, நம் வீடுகளில் பயிற்சியே இல்லாத ஒரு பெண் தனியாக, விடுப்பின்றிச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் சோர்ந்தால் அன்பு போதவில்லை என்றும் கருதுகிறோம்.

காசிப்பூர்த் தோட்ட வீட்டில் 1885 டிசம்பர் முதல் 1886 ஆகஸ்ட் வரை ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் துன்புற்றபோதும் இதுவே நிகழ்ந்தது. இளைஞர் நரேந்திரர் முன்னின்று வழிநடத்த, சீடர்கள் முறைவைத்து அருகிருந்தனர். அன்னை உணவைக் கவனித்தார். இல்லறச் சீடர்கள் செலவை ஏற்றனர். அவதார புருஷருக்குச் செய்த பணிவிடையையே ஒருவர் தலையில் மட்டும் சுமத்தவில்லை.

நம் காலத்திலும் வழிகாட்டிகள் உண்டு. கேரளத்தில் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் இருபதாண்டுகளுக்கும் மேலாக, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்கே சென்று வருகின்றனர். புற்றுநோயாளிகளோடு பக்கவாதத்தாலும் முதுகெலும்புக் காயத்தாலும் முடங்கியவர்களையும் அவர்கள் பேணுகின்றனர். செவிலியர் புண்ணுக்கு மருந்திடும்போது தொண்டர் குடும்பத்தாருடன் பேசுகிறார். சட்டத்திலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பேணுநர் உதவித்தொகை வழங்குவதைப் பற்றிக் கூறுகிறது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், மாவட்ட அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். கட்டிலை விட்டு அகல முடியாதவரால் அங்கே வரிசையில் நிற்க இயலாது. ஓய்வுபெற்ற நம் அன்பர் ஒருவர் அதற்குச் செல்லலாமே!

ஒவ்வொரு சத்சங்கக் குழுவும் தன் பகுதியில் இத்தகைய ஒரு வீட்டையேனும் அறிந்திருக்கும். அங்கே போய் "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கூறித் திரும்ப வேண்டாம். களைத்தவரால் எது வேண்டும் என்று யோசித்துச் சொல்வதற்கும் இயலாது. "செவ்வாய்க்கிழமை மூன்று முதல் ஐந்து மணிவரை நாங்கள் இருவர் இங்கே இருப்போம்" என்று சொல்லுங்கள். மருந்து நேரம், ஊட்டும் முறை, அவர் எதனால் சினப்படுவார், எந்தப் பாட்டைக் கேட்டால் அமைதியடைவார் என்பவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் முறை பேணுநரின் அருகிலேயே இருந்து பாருங்கள். ஆண் நோயாளிக்கு ஆண் தொண்டரும் ஒருவர் செல்வது நல்லது. உபதேசம் வேண்டாம், நோயாளியின் பெயரைச் சொல்லி அவரிடமும் பேசுங்கள்.

முதல் சில வாரங்கள் அந்தத் தாய் வெளியே எங்கும் போகமாட்டார். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஓசைக்கும் தலையைத் தூக்கியபடி படுத்திருப்பார். அதைக் குறையாகக் கொள்ளாமல் மறு செவ்வாயும் அதே நேரத்துக்குச் செல்லுங்கள். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, நீங்கள் விடைபெறும் வேளையில் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.